பிரியாத விரல்கள்

இன்று காலை உன் மகள் தேன்மொழி என் வீட்டுக் கதவைத் திறந்தாள். கைப்பிடியைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. "ஒரு நிமிஷம் பெரியம்மா, இப்ப வந்துடும்" என்று சிரித்தாள். விரல்கள் மெல்ல மெல்லப் பிரிந்தன.

தொண்ணூறாம் வருஷத்து ஐப்பசி பௌர்ணமி. தோழிகள் நாம் இருவரும் தூறலில் நனைந்துகொண்டே மலை சுற்றினோம். அடி அண்ணாமலையில் ஒரு சின்னக் கோயில் முன்னால் நீ பித்தளைத் தட்டில் கற்பூரம் காட்டினாய். எதிலும் உனக்குத் தாராளம்தான், கற்பூரத்தையும் அள்ளிப் போட்டிருந்தாய். கைப்பிடி சூடேறியும் நீ தட்டைக் கீழே வைக்கவில்லை. முகம் கோணி, உடம்பு நடுங்கியது. "சாமி வந்துடுச்சு!" என்று யாரோ கத்த, கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நீ என்னைப் பார்த்து முனகினாய்: "சாமி இல்லடி. விரல் பிரியல."

"சும்மா இருடி, எல்லாரும் பாக்கறாங்க" என்று அதட்டிவிட்டு நானும் கும்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிற நான்! உள்ளங்கை வெந்துபோனதைப் பிறகுதான் பார்த்தோம்.

பத்து வருஷம் கழித்து வேங்கிக்காலில் பஸ்சுக்கு நின்ற இடத்திலேயே விழுந்து போய்விட்டாய். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்று நானும் கேட்கவில்லை.

போன வருஷம் ஆசிரியர் பயிற்சியில்தான் எனக்கு உறைத்தது. ஆர்என்ஏ என்பது மரபணுச் செய்தியின் நகல் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த நகலைச் சில புரதங்கள் பற்றிக்கொண்டு, வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி அனுப்பும். சிலருக்கு ஒரு நகலில் ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்து நீண்டுவிடுமாம். அது அந்தப் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. மற்ற நகல்களைச் சீராக்க ஆள் இருக்காது. இறுகிய தசை சட்டென்று தளராது, இதயத் துடிப்பும் தடுமாறலாம். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று பயிற்சி நடத்தியவர் சொன்னபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தேன்மொழியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையிலேயே உன் வீட்டுக்காரரிடம் போய், அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். "அவ அம்மாவுக்கு எறங்கின சாமி டீச்சர் இது. சாயங்காலம் பௌர்ணமி, இவ கையில தட்டைக் குடுக்கறோம். ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. "அன்னிக்கு அவ சாமி இல்லன்னு என்கிட்ட சொன்னா. நான்தான் வாயை மூடச் சொன்னேன்" என்றேன். அவர் தானே போய் ஆட்டோ கூட்டிவந்தார்.

இதயத்துடிப்பை வரைந்த நீளக் காகிதத்தை டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். "துடிப்பு அங்கங்க தாமதமாவுது. நல்லவேளை, இப்பவே கூட்டிட்டு வந்தீங்க. பேஸ்மேக்கர் வைக்கணும், பயப்படாதீங்க" என்றார்.

கேட்டதும் தேன்மொழி என் கையை இறுகப் பிடித்தாள். பிடித்தவளால் விடமுடியவில்லை. இந்தத் தடவை நான் யாரையும் கும்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.