மலையைக் காட்டியவள்

12-9-1978, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இந்த மாதம் புது ஏற்பாடு. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் அட்டை. அதைப் புருஷன் பெயரில் அடுக்க வேண்டுமாம். இந்த ஊரில் எவள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்வாள்?

இன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கர்ப்பிணி காலில் சீழ்ப்புண்ணோடு வந்தாள். புருஷன் பெயரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள். ‘அண்ணாமலை மனைவி’ என்ற அட்டையை எடுத்துப் பார்த்தேன். எந்த மருந்துக்கும் தடை எழுதியிருக்கவில்லை. டாக்டர் எழுதியபடி பெனிசிலினை ஊசியில் ஏற்றினேன்.

“முன்னாடி ஒரு தபா ஊசி போட்டு மயங்கி உழுந்துட்டேங்க,” என்றாள்.

என் கை நின்றது.

“உங்க வூட்டுக்காரர் பேரு அண்ணாமலைதானே?”

“இல்லீங்க.”

“அருணாசலமா?”

ஆமென்று தலையை ஆட்டினாள். மலைக்கு இரண்டு பெயர் என்பதை மறந்திருக்கிறேன். ‘அருணாசலம் மனைவி’ அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: பெனிசிலின் கூடாது.

“ஒண்ணும் ஆகலையே, விடும்மா,” என்றார் டாக்டர்.

அட்டை நல்லதுதான். குறை சொல்லவில்லை. அவரவர் சொந்தப் பெயரில் அடுக்கினால் போதும். அதைச் சொல்ல எந்தப் பொம்பளையும் கூச்சப்பட மாட்டாள். நாளைக்குப் பெரிய நர்ஸம்மாவிடம் கேட்க வேண்டும், இன்று வந்தவளையே உதாரணமாகச் சொல்லி.

அவள் பெயர் என்ன? நானும் கேட்கவில்லை.