கோட்டையைச் சேராத கல்

அன்பு மகள் ஜின்சிக்கு அம்மை எழுதுவது. சேசுவுக்குப் புகழ். எனக்கு ஓர்மை தப்பி எல்லாம் மறந்துபோகிறது என்று உனக்கு யார் சொல்லியிருந்தாலும் அது பொய். கோட்டைக் கல்லைத் திருடி வீட்டில் போட்டிருக்கிறேன் என்பது அதைவிடப் பெரிய பொய். முட்டுவலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் கிடக்கும் கோட்டையை நீ மறந்திருக்க மாட்டாய், இடுப்பளவுச் சுவரும் ஒரு வாசலும்தான் மிச்சம். அதற்கு இப்போது ஒரு கமிட்டி. தலைவர் யேசுரத்தினம், செயலாளர் உன் சித்தப்பா மகன் வினோஜ். ஏதோ ராஜா அங்கே ஒளிந்திருந்தாராம், பத்மநாபபுரம் வரை சுரங்கம் இருக்கிறதாம். ஐம்பது வருடமாக நான் பார்த்ததில் அந்தச் சுரங்கத்தில் போய்வந்தது ஒரு கீரிக் குடும்பம்தான். கோட்டை எங்கே போனது என்பதையும் அவர்கள் வைக்கப்போகும் போர்டில் எழுதட்டுமே. நீ பிறந்த வருடம் கோவிலுக்குப் படிக்கட்டு கட்ட, தவக்காலப் பரிகாரமாக வீட்டுக்கு ஒரு கல் குவாரியிலிருந்து சுமந்து வரச் சொன்னார் சாமியார். மூன்று மைல் தூரம். ஊர் வெயிலைப் பார்த்தது, மேட்டில் ஏறிக் கோட்டையைப் பெயர்த்துக்கொண்டு வந்து பக்தியாக முழந்தாளிட்டது. சாமியார் வெளியூர்க்காரர், அத்தனையையும் மந்திரித்துக் கொடுத்தார். ஞாயிறுதோறும் கோட்டையை மிதித்து ஏறிப் பூசை காண்கிறவர்கள்தான் அதை மேட்டில் தேடுகிறார்கள்.

குவாரிக்கு மெய்யாகவே போனவர் உன் அப்பா ஒருவர். தோளில் தோல் உரிந்து அவர் வந்து சேர்ந்தபோது படிக்கட்டு முடிந்திருந்தது, கொத்தன் இனிக் கல் வேண்டாம் என்றுவிட்டான். அதுதான் நம் கிணற்றடியில் கிடக்கும் அலக்குகல், உன் துணியெல்லாம் அதில் துவைத்ததுதான். கமிட்டிக்கோ அது ராஜா உட்கார்ந்த கல்லாம், கோட்டை வாசலில் வைக்க வேண்டுமாம். போன வாரம் வினோஜ் கடப்பாரையும் நான்கு பேருமாக வந்து நின்று, "பெரியம்மைக்கு ஓர்மை இல்ல, ஜின்சியக்கா போன்ல சம்மதிச்சாச்சு" என்றான். யேசுரத்தினம், "சிம்மாசனத்துல துணி அலக்குற ராணியாக்கும்" என்று பல்லைக் காட்டினார். ஊரிலேயே கோட்டையைச் சேராத கல் அது ஒன்றுதான், அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி. நான் ஈரப் போர்வையை எடுத்து அந்தக் கல்லில் ஓங்கி அடித்தேன். எல்லாரும் நனைந்து போனார்கள். திருவிழாவுக்கு முன் மறுபடி வருவார்களாம்.

வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. பிள்ளைகள் தமிழில் செபமாலை சொல்லட்டும். தேவமாதா உங்களைக் காப்பாள்.

வீடு உன் பெயரில் இருக்கிறது. அப்பா சுமந்த கல்லைக் கொடுக்க நீ சம்மதித்தாயா, இல்லையா? வாட்ஸாப்பில் வேண்டாம். உன் கையால், பிழையில்லாமல் எழுதி, கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பு.

உன் அம்மை,
வியாகுலம்மாள்