பிளக்கைப் பிடுங்கிய நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் இருக்கக் கடிதம் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். இதை வாயால் சொல்லக் கூச்சம். நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

எங்கள் ஆய்வகத்தில் மூன்று பெரிய ஃப்ரீசர்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்கான கரண்டைக் குடிக்கும். உள்ளே பாதிக்குப் பாதி, எப்போதோ படித்து முடித்தவர்கள் சின்னச் சின்ன ட்யூப்களில் விட்டுப்போன ஆய்வு மாதிரிகள். ஒன்றைக் காலி செய்து அணைத்துவிடலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன்.

“என் ட்யூப் ஒண்ணு தொலைஞ்சாலும் உன்னை உள்ள வச்சுப் பூட்டிடுவேன்” என்றார் பேராசிரியர்.

ஆறு வாரம், உரியவர்களைக் கேட்டுக் கேட்டு வேண்டாதவற்றைக் கழித்து, மீதியை மற்ற இரண்டில் அடுக்கினேன். எதுவும் தொலையவில்லை. நேற்று அவரே பிளக்கைப் பிடுங்கினார். “இந்த வாயை இவ்வளவு நாள் எங்கேம்மா வச்சிருந்தே?” என்று சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

அப்பா, ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது, “இந்தா, அம்மாகிட்ட பேசு” என்று கொடுத்துவிடாமல் நீங்களும் கொஞ்சம் பேசுங்கள்.

உங்கள் மகள்