கேக் ஊட்டிய கை

நந்திதுர்க் லைன்,
கோலார் தங்க வயல்.

அன்புள்ள விநாயக்குக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். கனடா போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் மூன்று பேர் வயிறும் சரியாகியிருக்கும்.

முதலில் ஒரு திருத்தம். பழைய மட்டனைச் சூடு பண்ணிப் பரிமாறி, விருந்துக்கு வந்தவர்களையெல்லாம் நான் படுக்க வைத்துவிட்டேன் என்று நம் லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. உன் மகளின் பிறந்தநாளுக்கு மட்டன் அன்று காலையில் வாங்கியது, மதியமே தீர்ந்தது. என் வீட்டில் சமைத்தது எதுவும் மறுநாளைக்குத் தங்குவதில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும், உன் மனைவி மமதா குடும்ப வாட்ஸ்அப்பில் "அத்தை வீட்டுத் தண்ணீரும் ஃபிரிட்ஜும் அப்படி" என்று எழுதியபோது நீ கை கூப்பும் படம் ஒன்றைப் போட்டாய். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய எனக்கு மகனிடமிருந்து கிடைத்த மரியாதை அந்தப் படம்.

பக்கத்து வீட்டு சரோஜம்மா இறந்த செய்தி உனக்குத் தெரியும். எப்படி இறந்தாள் என்பது தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறாய். விருந்தன்று உன் மகள் அசிங்கம் பண்ணிய துணியையும் படுக்கை விரிப்பையும் அவள்தான் அலசினாள். வேண்டாம் என்றேன். "கொழந்த துணிக்கு இன்னா டீச்சரே அருவருப்பு" என்றாள். மறுநாள் நீங்கள் பெங்களூர் ஹோட்டலுக்குக் கிளம்பிப் போனீர்கள். அன்று மாலையே அவளுக்கு வாந்தியும் பேதியும் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவள் அதையும் நிறுத்தவில்லை. "தண்ணி குட்ச்சா இன்னும்தான் போவும்" என்று வாயை மூடிக்கொண்டாள். நான் கொடுத்த உப்பு சர்க்கரைக் கரைசலைக்கூடத் தொடவில்லை. அவள் மகன் பாபு பெங்களூர் வேலையிலிருந்து ரயிலில் வந்து பார்த்தபோது அவளுக்குக் கண் உள்ளே போயிருந்தது. கோலார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சிறுநீரகம் நின்றுவிட்டது.

அங்கே பரிசோதனையில் நோரோவைரஸ் என்று வந்தது. கெட்டுப்போன கறியில் உண்டாவது அல்ல அது, ஒருவர் குடலிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகிற வைரஸ் என்று டாக்டரம்மா விளக்கினார். வாந்தியில் கண்ணுக்குத் தெரியாத துளி போதுமாம். அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் காட்டிவிடுமாம். உன் மனைவி பை நிறைய வைத்திருந்தாளே கையில் தடவிக்கொள்ளும் அந்த ஜெல், அதை நம்பினால் இது போகாது, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும் என்றார். முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்போது உண்மையில் எனக்குத் தெரியாது; விருந்தன்று குழந்தைக்கு வயிறு போனதை இனிப்பு ஒத்துக்கொள்ளாதது என்றே நினைத்திருந்தேன்.

துக்கம் விசாரிக்க வந்த ரவிகுமார்தான், ஏர்போர்ட்டிலிருந்து உங்களை அழைத்து வந்த டிரைவர், நான் துருவிக் கேட்ட பிறகு, சொன்னான். "பாப்பா பிளேன்லயே வாந்தியாம்மா. ஹொஸ்கோட்டை தாண்டி என் வண்டிலயும் எடுத்துச்சு. அக்கா டிஷ்யூல தொட்ச்சிட்டு கைக்கு ஜெல்லு போட்டுக்கினாங்க. அத்தைக்குச் சொல்லாதீங்க, நாளைக்கு கேக் வெட்ட விடமாட்டாங்கன்னாங்க. அண்ணன் சும்மா குந்தினு இருந்தாரு." விடமாட்டேன்தான். ஆனால் மறுநாள் மமதா குழந்தையின் கையைப் பிடித்து ஒவ்வொருவர் வாயிலும் கேக் ஊட்ட வைத்தாள், நீ படம் எடுத்தாய். சரோஜம்மா இரண்டு தடவை வாங்கிக்கொண்டு அந்தப் பிஞ்சு விரலில் இருந்த கிரீமையும் சப்பினாள். நான் யார் கையாலும் ஊட்டிக்கொள்வதில்லை. "அத்தைக்குக் கௌரவம்" என்று உன் மனைவி சிரித்தாள். அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் நோயில் படுக்காமல் தப்பியது அந்தக் கௌரவம் மட்டும்தான். டேங்கர் வரும்வரை ட்ரம் தண்ணீரைப் பார்த்துச் செலவழி என்று நான் மமதாவிடம் சொன்னது உண்மை. அதை அவள் இப்போது தூக்கிக்கொண்டு வருவாள். கை கழுவாதே என்று நான் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் உனக்குச் சோறு போட்டவள் சரோஜம்மா. காரியம் முடிந்ததும் பாபுவுக்குத் தூக்கில் கஞ்சி கொடுத்தனுப்பினேன். தூக்கு கழுவப்பட்டு என் வாசற்படியில் வெறுமையாக இருந்தது. அந்த வீட்டிலிருந்து ஒரு பிடி சர்க்கரையாவது இல்லாமல் பாத்திரம் திரும்பியதில்லை. ரவிகுமார் சொன்னதை நானே போய் அவனிடம் சொன்னேன். "உங்க கறிய மறைக்க கொழந்த மேல பழி போடாதீங்க டீச்சரே" என்றான். நான் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த பையன். என் சொல் அவனிடம் செல்லாது. உன் சொல் செல்லும்.

ஆகவே நீ பாபுவுக்கு உன் கையால், தமிழில், எழுது. குழந்தைக்கு விமானத்திலேயே வந்ததையும், மமதா மறைத்ததையும், நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் எழுது. தெரியாமல் நடந்துவிட்டது என்று மட்டும் எழுதாதே. உன் மகள் மேல் எனக்குக் குறை இல்லை, மூன்று வயதுக் குழந்தை. ஆனால் அவள் வளர்ந்து, கேக் ஊட்டுகிற அந்தப் படத்தில் சரோஜம்மாவைக் காட்டி, இந்தப் பாட்டி யார் என்று கேட்டால், நான் உயிரோடு இருந்தால் சொல்லிவிடுவேன்.

இனி வீட்டில் யாருக்கு வாந்தி வந்தாலும் பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடை, சோப்பால் கை கழுவு, நின்ற பிறகும் இரண்டு நாள் மமதாவை அடுத்தவருக்குச் சமைக்கவோ ஊட்டவோ விடாதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல ஞாபகசக்தியோடும் இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். பாபுவுக்கு எழுதிவிட்டாயா இல்லையா என்று எனக்குக் கடிதத்தில் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ம. அமிர்தவல்லி