பெவர்லி சொல்லாத பதில்

ஹல், வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் மூவரும் நலம். இன்று காலை எழுந்ததும் உன் பேத்தி நுவாலாவின் புதுச் சட்டைக் கழுத்தில் இருந்த லேபிளை வெட்டி எடுத்தேன். உரசினால் அவளுக்குத் தாங்காது.

அவளைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் பெவர்லியை நேற்றுப் பார்த்தேன். அவளைச் சேர்ப்பது பக்கத்துப் பள்ளியிலா, ஊர்க்கோடியில் உள்ள சிறப்புப் பள்ளியிலா என்று நாளைக்குள் நகராட்சிக்கு எழுதித் தர வேண்டும்.

"நீங்களா இருந்தா எதை எழுதுவீங்க?" என்றேன்.

"அதை மட்டும் கேக்காத கண்ணு. எந்தப் பக்கமும் சாயக் கூடாதுன்னுதான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க."

"அப்ப நீங்க எதுக்கு?"

"டீ போட!" என்று சிரித்தாள். பிறகு, "ரெண்டு பள்ளிக்கும் கூட்டிட்டுப் போனியே, அவ என்ன பண்ணா?" என்றாள்.

உன்னை நினைத்துக்கொண்டேன். நீயாக இருந்தால் கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லியிருப்பாய்.

நுவாலாவுக்குத் தொப்பி பின்னினால் உள்பக்கம் முடிச்சில்லாமல் பின்னு. நம் ஊர்த் தேயிலையும் ஒரு பொட்டலம் அனுப்பு. இங்கே விற்பதில் ருசியே இல்லை.

ஆய்வுக்கூட வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்
ப்ரீஜ்

பின்குறிப்பு: அவள் அப்பா டெக்லனுக்குப் பக்கத்துப் பள்ளிதான் ஆசை. ஆனால் சிறப்புப் பள்ளியில், சத்தத்துக்குப் பயந்து எப்போதும் மாட்டியிருக்கும் காதுமூடியை நுவாலா தானே கழற்றி என் கையில் கொடுத்தாள். அந்தப் பள்ளியின் பெயரைத்தான் எழுதப்போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.