கேற் மணிக்கு எரியும் லைற்

விடத்தல்தீவு,
நவம்பர் 12.

அன்புத் தம்பி கிறிஸ்ரிக்கு,

அக்கா எடித் எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம். நோர்வேக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. கடல் விடுகிற நாட்களில்தான் அத்தான் தொழிலுக்குப் போகிறார். மற்ற நாட்களில் விறாந்தையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார்.

வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் நீ வேலை இடத்தில் பாதியைப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நீ அனுப்பிய திட்டம் கிடைத்தது. வீட்டுப் படத்தைக்கூட அழகாகக் கீறியிருக்கிறாய். கேற் மணியையும் லைற்றையும் இணைக்கிற பழைய பெட்டியை மாற்றத்தான் வேண்டும் என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை. மீள்குடியேறி இந்த வீடு கட்டி, றஞ்சிதா கைக்குழந்தையாக இருந்தபோது நீ வந்து சுவரில் பூட்டியது. கேற் மணியை அழுத்தினால் குசினியிலும் அறையிலும் லைற் விட்டுவிட்டு எரிந்ததும், பிள்ளை அழுதால் என் தலகணிக்குக் கீழே வைத்த வட்டம் அதிர்ந்ததும் ஊரே வந்து பார்த்த புதினம். மாத்தளனில் ஷெல் விழுந்து காது போன பிறகு, ஒரு பிள்ளையை நான் தனியாக வளர்க்கலாம் என்று நம்பியது அன்றைக்குத்தான்.

இப்போது உப்புக் காற்றில் வயர் முனையெல்லாம் கறள். பெட்டி செய்த கொம்பனியும் இல்லையாம். பழைய போனில் இருந்த அதன் செயலி புதுப் போனில் வேலை செய்யவில்லை. சில நாள் எரியும், சில நாள் எரியாது. எரியாத நாள் எது என்று எனக்குத் தெரியாது. அதுதான் பெரிய கரைச்சல்.

போன மாதம் நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. றஞ்சிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்து, வேளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தான் கடலில். நான் தனியாக இருந்தால் கேற்றை உள்ளே பூட்டித்தான் வைப்பேன் என்று உனக்குத் தெரியும். பிள்ளை மணியை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறாள். லைற் எரியவில்லை. நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அக்கா தற்செயலாக வெளியே வந்திருக்கிறா. தன் வளவு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து என் தோளில் தட்டினா. ஓடிப் போய்க் கேற்றைத் திறந்தால், மழைத்தண்ணீருக்குள் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்தபடி பிள்ளை இருக்கிறாள். உடம்பு நெருப்பு.

அழுதது நான்தான். அவள் அழவில்லை. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நான் வாயைப் பார்த்து விளங்குகிற மாதிரி, "எனக்கு ஒண்டுமில்லை அம்மா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எருக்கலம்பிட்டி வஸீரை வரச் சொன்னோம். மன்னாரில் கடை வைத்திருக்கிறார், இப்படியான வேலைகள் செய்கிறவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒட்டித் தரலாம், ஆனால் தை மாதம் வரைகூட நம்ப ஏலாது என்றார். உன் திட்டத்தையும் காட்டினேன். அறைக்கு அறை ஸ்பீக்கர், வாயால் சொன்னால் லைற் எரியும், மோட்டர் ஓடும், கேற்றில் ஆர் நிற்கிறார் என்று அதுவே சொல்லும் என்று எழுதியிருக்கிறாய். அது சொல்லுவதை நான் எப்படியடா கேட்பது? அத்தானையும் பிள்ளையையும் நினைத்து எழுதியிருப்பாய். நான் கோபிக்கவில்லை.

சரி, நான் சொல்வதையாவது அது கேட்கட்டும் என்று, வஸீர் தன் போனைத் தந்து பேசிப் பார்க்கச் சொன்னார். "குசினி லைற்றைப் போடு" என்றேன். அது எழுதிக் காட்டியது வேறேதோ. மீண்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அப்போதும் பிழை. றஞ்சிதா ஒருதரம் சொன்னாள், அப்படியே எழுதியது. அத்தான் நிலத்தைப் பார்த்தார். என் பேச்சு இவ்வளவு மாறிப்போயிருக்கிறது என்று இத்தனை வருடமாக இந்த வீட்டில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, கிறிஸ்ரி. சொல்லாமல் விட்டது அன்பால்தான்.

அடுத்த நாள் எனக்கு வேண்டியதை யோசித்தேன். ஸ்பீக்கர் வேண்டாம். லைற்தான் வேண்டும். முன்பைவிடப் பெரிதாக, குளியலறையிலும் கிணற்றடியிலும் எரிய வேண்டும். கேற் மணிக்குத் தனி வயர், பெட்டி செத்தாலும் மணி வேலை செய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும் வரைக்கும் குசினிச் சுவரில் ஒரு பச்சை லைற் எரியட்டும். அது அணைந்தால், கேற்றடியில் கதிரை போட்டு இருக்க எனக்குத் தெரியும். கமரா கேற்றில் மட்டும். நீ குசினிக்குள்ளும் ஒன்று கீறியிருக்கிறாய், அதை எடுத்துவிடு. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் வீடியோ கோல் எடு, நான் முகம் கழுவிக்கொண்டு வருவேன். ஏலுமென்றால் மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் சாமான்களை அனுப்பு. பூட்டுகிறது வஸீர் பொறுப்பு.

நத்தாருக்கு முன் என்று அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தை மாதம் ஆறாம் வகுப்புக்கு யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளியில் றஞ்சிதாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் நின்று படிக்க வேண்டும். இடம் கிடைத்த அன்று வீடு முழுக்கத் துள்ளித் திரிந்தவள், காய்ச்சல் மாறி எழும்பியதும் போகமாட்டேன் என்று நிற்கிறாள். ஏன் என்று கேட்டேன். "நான் போனா, கேற்றில ஆக்கள் வந்தா உங்களுக்கு ஆர் சொல்லுறது?" என்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கேற் மணியாய் வைச்சிருக்கவோ உன்னைப் பெத்தனான்?" என்று கத்திவிட்டேன். கத்தினேன் என்று அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பிறகு மெல்ல இருத்திக் கதைத்தேன். அத்தானும் சொன்னார். கடைசியில் ஒரு படி இறங்கி வந்தாள். "மாமா செய்யிற புதுசு பழுதாகாது எண்டு மாமா சொன்னா நான் போவன். உங்கட சொல்லை நம்பேலாது, நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டுவீங்கள்" என்கிறாள்.

ஆகவே ஞாயிறு பூசை முடிந்து வந்து உனக்குக் கோல் எடுப்பாள். பெட்டி, வயர் எல்லாம் கேட்பாள், விளங்கப்படுத்து. கடைசியில், அம்மா தனியாக இருப்பாவா என்று கேட்பாள். இருப்பா என்று சொல்லு. யோசித்துவிட்டுச் சொல்லாதே, உடனே சொல்லு. உன் குரல் கொஞ்சம் இழுபட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தெரிந்துவிடும்.

மடு மாதா உனக்குத் துணை நிற்பா.

உன் அன்பு அக்கா,
எடித்