சேகரின் கேமராவில் ஒரு மணி நேரம்

மார்ச் 24, சனி

காலையிலேயே வெயில். கடை ஏ.சி. மறுபடி ஒழுகுகிறது, அடியில் பக்கெட். பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கூட்டம். ஒரு குழந்தை கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்று ஒரே அழுகை. பிஸ்கட் கொடுத்து எடுத்தேன், படத்தில் வாயோரம் பிஸ்கட் தூள்.

கடையின் இன்னொரு போட்டோக்காரன் சேகர் வெளியே டெலிவரிக்குப் போயிருந்தபோது ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள். இங்கே ஸ்கூல் டீச்சர். இன்று ராத்திரி லண்டன் போகிறாள். அங்கே நாளையிலிருந்து கடிகாரத்தை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்களாம். கோடையில் சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைப்பதற்கு. கேமராவையும் அதற்கு ஏற்றபடி வைத்துத் தா என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவளே மெனுவைத் திறந்து காட்டினாள். டேலைட் சேவிங் என்று ஒரு வரி. ஆஃப் என்றிருப்பதை ஆன் ஆக்கினால் மணி தானாக ஒன்று கூடிவிடுகிறது. அவ்வளவுதான். ஊர் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நம் ஸ்டுடியோ கேமரா இரண்டிலும் அதே வரி இருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. மஸ்கட்டில் எவன் மணியை மாற்றுகிறான்?

மார்ச் 25, ஞாயிறு

தலைவலி. மாத்திரை வாங்க மறந்துபோனது.

சவூதி ஜுபைலிலிருந்து வீட்டுக்காரர் போன். பிளான்ட்டில் ஓவர்டைம், தொண்டை கட்டியிருக்கிறது. மே மாதம் மகள் ஜெனிக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிறாள். அவருக்கு லீவு கிடைக்காது என்று முன்பே தெரியும். தூத்துக்குடிக்கு நான் போவதாக இருந்தது. ரூவி கடைத்தெரு முழுக்க அலைந்து வெள்ளைக் கவுன் எடுத்து வைத்தாயிற்று. இப்போது எனக்கும் லீவு இல்லை.

"பிள்ளைட்ட என்னன்னு சொல்லப் போற?"

"சேகர்னு ஒரு மாமா இருக்காரு, அவர்ட்ட கேளுன்னு சொல்லுதேன்."

"விடு ஸ்டெல்லா. வேலைய பாரு."

விடுவேனா.

பிப்ரவரி கல்யாணத்தில் பெண்கள் பக்கம் முழுக்க நான் எடுத்தது. கேமரா கார்டை சேகர் கையில்தான் கொடுத்தேன். கொடுக்கும் முன் கேமரா திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், எல்லாப் படமும் இருந்தது. மறுநாள் கார்டு காலி, கம்ப்யூட்டரிலும் இல்லை. கடை முதலாளி காக்கா கேட்டபோது அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அவங்க குடுக்கும்போதே காலியாதான் இருந்துச்சு காக்கா." பெண்ணைப் பெற்றவர் சலாலாவிலிருந்து வந்து கடை நடுவில் நின்று கத்தினார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அன்றைக்கே காக்கா என் லீவை ரத்து செய்தார். "சீசன் முடியட்டும்மா, செப்டம்பர்ல பாப்போம்." முதலாளி சொன்னால் சொன்னதுதான்.

புதுநன்மையை செப்டம்பரில் வைக்கச் சொல்லி பங்குச் சாமியாருக்குக் கடிதம் போடவா?

வெள்ளிக்கிழமை பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, மன்னிக்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள்.

மார்ச் 26, திங்கள்

வியாழக்கிழமை பெரிய கல்யாணம். காக்காவின் ஊர்க்காரர்கள், காயல்பட்டினம். இங்கே ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள் நஃபீசா. கீழ் ஹாலில் ஆண்கள், அங்கே சேகர். மேல் ஹாலில் பெண்கள், அங்கே நான். என்னை வேலைக்கு வைத்திருப்பதே இதற்காகத்தான். ஆண் போட்டோக்காரன் மேலே ஏற முடியாது.

சேகருக்குப் புது யோசனை. புது லேப்டாப் வேறு. காக்கா முன்னால் ஒரே பேச்சு.

"நிக்காஹ் ஓதுறத பொம்பளைங்க பாக்கவே முடியாதுல்ல காக்கா. என் கார்டையும் ஸ்டெல்லா கார்டையும் லேப்டாப்ல சொருகுனா போதும், எடுத்த டயப்படி அதுவே அடுக்கிக்கும். சாப்பாடு முடிஞ்சதும் மேல் ஹால்ல ஸ்க்ரீன்ல ஓட்டிறலாம். ஓரத்துல மணியும் வரும். ரூவில எந்த ஸ்டுடியோவும் பண்ணல."

"ரெண்டு கேமரா மணியும் ஒண்ணா இருக்கணுமேப்பா?"

"அதெல்லாம் நான் வச்சாச்சு. என் கேமராவ என்னத் தவிர யாரும் தொடமாட்டாங்க."

காக்கா அவன் முதுகில் தட்டினார்.

நான் ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடமாட்டார்கள் என்று அவன் வாயாலேயே சொன்னான், எல்லார் முன்னாலும்.

மார்ச் 28, புதன்

வாங்க வேண்டியது: போன் கார்டு, சோப்பு, தைலம், கறுப்புச் செருப்பு (ஹாலில் நிற்க).

மத்தியானம் சேகர் சாப்பிடப் போனான். கேமரா சார்ஜர் பக்கத்தில். காக்கா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். எடுத்தேன். மெனு, அந்த வரி, ஆன். இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அவன் கேமராவில் மணி பார்க்க மாட்டான், கையில் பெரிய வாட்ச் கட்டியிருக்கிறான்.

பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நேற்று வைத்த மீன் குழம்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

மார்ச் 30, வெள்ளி

கால் வீக்கம். புதுச் செருப்பு கடித்துவிட்டது. நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெண் நல்ல அழகு. ஒல்லி. மேக்கப் கொஞ்சம் கூடுதல். என்னை அக்கா முறை வைத்து 'லாத்தா, லாத்தா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "லாத்தா, என் மூக்கு பெருசா வருதா?" கீழே நிக்காஹ் ஓதி முடிந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு மாப்பிள்ளையின் அக்கா மேலே பெண்ணுக்குக் கருகமணி கட்டினாள், நிக்காஹ் முடிந்தால்தான் கட்டுகிற அவர்கள் தாலி. நான் பக்கத்திலேயே நின்று எடுத்தேன். குலவைச் சத்தம். எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

பிரியாணி முடிந்தது. சேகரின் கார்டு மேலே வந்தது. நானே சொருகினேன், நானே பட்டனை அமுக்கினேன்.

முதலில் எல்லாருக்கும் சிரிப்பு, கைதட்டல். பிறகு கருகமணி கட்டும் படம் வந்தது, ஓரத்தில் மணி. பந்தியும் வந்து போனது. அதற்கும் பிறகுதான் கீழே மாப்பிள்ளை வந்து இறங்கும் படம். நிக்காஹ் அதற்கும் அப்புறம்.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. மாப்பிள்ளையின் உம்மா எழுந்து ஸ்க்ரீன் பக்கத்தில் போய் நின்றார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"ஓதியாச்சுன்னு சொல்லித்தானே எங்கள கட்டச் சொன்னிய? மணி கீழ போட்டிருக்குல்ல? நிக்காஹ் ஆகுமுன்ன எம் மவ கையால கருகமணி கட்ட வச்சிட்டியளா?"

பெண்ணின் உம்மா அழுதுகொண்டே, "அல்லா மேல ஆணை, ஓதி முடிச்சப்புறம்தான்" என்கிறார். யார் காதில் விழுகிறது? ஸ்க்ரீன் சொல்கிறதே. கீழேயிருந்து நிக்காஹ் ஓதிவைத்த ஹஜ்ரத் சொல்லி அனுப்பினார், எல்லாம் சரியாகத்தான் நடந்தது, மிஷின் தப்பு என்று. அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. நஃபீசாவின் கழுத்திலிருந்து கருகமணியைக் கழற்ற வைத்தார். அத்தனை பேர் பார்க்க மறுபடி கட்ட வைத்தார்.

பெண் அழுதாள். மை வழிந்தது.

நான் அதையும் எடுத்தேன். என் வேலை அது.

மார்ச் 31, சனி

காக்கா கடையை லேட்டாகத் திறந்தார். முகம் கறுத்திருந்தது. சேகரின் கேமராவை மேஜையில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் கூட காட்டுது."

"காக்கா, சத்தியமா நான் கரெக்டா வச்சேன்."

"ஒன்னத் தவிர யாரும் தொடமாட்டாங்கன்னு நீதானப்பா சொன்னே? எங்க ஊர் ஜமாஅத்துல நான் எப்படித் தல காட்டுவேன்? அடுத்த மாசக் கடைசில ஊருக்குப் போயிரு. கலாஸ், முடிஞ்சுது."

சேகர் என்னைப் பார்த்தான். நான் கவர் ஒட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ குளிர்ந்தது, வெயிலில் வந்து மோர் குடித்த மாதிரி. பொய் எழுதி என்ன, எனக்கு நன்றாக இருந்தது.

ஏப்ரல் 1, ஞாயிறு

அவன் கண்டுபிடித்துவிட்டான். காலையில் காக்கா வருவதற்கு முன் லேபில் வந்து நின்றான். கேமராத் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அந்த வரி.

"இது நீங்கதானே?"

"ஆமா."

இல்லை என்பேன் என்று எதிர்பார்த்திருப்பான் போல.

"நான் காக்காகிட்ட சொல்லுவேன்."

"சொல்லுங்கண்ணே. யாரு நம்புவா? பிப்ரவரில நான் சொன்னத யாரு நம்புனா?"

ஸ்டூலில் உட்கார்ந்தான். மெதுவாக, "அது வேணும்னு பண்ணலங்க. கை தவறி ஃபார்மட் ஆயிருச்சு. காக்கா திடீர்னு கேக்கவும் வாயில அப்படி வந்துருச்சு. ஒரு கார்டுதானே..."

"எம் பிள்ளையோட புதுநன்மைண்ணே அது."

இதுவரை யாரிடமும் அந்தக் குரலில் பேசியதில்லை. எனக்கே பயமாக இருந்தது.

"நீங்க போயி கார்ட அழிச்சது நான்தான்னு காக்காட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா, கேமராவுல இப்படி ஒரு வரி இருக்கு, அது எப்படியோ ஆன் ஆயிருக்கு, சேகர் அண்ணன் மேல தப்பு இல்லன்னு நான் சொல்லுதேன். இல்லன்னா மாசக் கடைசில ஃபிளைட் ஏறுங்க."

"உங்கள இப்படி நினைக்கவே இல்லங்க."

"நானும் உங்கள நினைக்கல."

ஏப்ரல் 2, திங்கள்

சொல்லிவிட்டான். கதவு பாதி திறந்திருந்தது, எனக்குக் கேட்டது. காக்கா கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஒன்ன நம்பாமப் போயிட்டேம்மா. பிள்ள விசேஷத்துக்குப் போயிட்டு வா. மே மாசம் சேகரு பாத்துக்கிடுவான்."

பேசியபடி நானும் கேமராவை எடுத்துக் காட்டி, அந்த வரி எப்படியோ ஆன் ஆகியிருக்கிறது என்று சொன்னேன். வெள்ளைக்காரம்மா கதையையும் சொன்னேன். காக்கா கண்ணாடியைப் போட்டு அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம நாட்டுக்கு வேண்டாத சனியன இதுல எதுக்கு வைக்கிறான்?" சேகரைப் போகச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஜெனிக்குப் போன் போட்டேன். "நீ வரலன்னுதான பெரியம்மா சொன்னாங்க?" என்றாள். வருகிறேன் என்றதும் ஒரே கத்தல்.

சந்தோஷம்தான். ஆனால் சேகர் மத்தியானம் டீ வாங்கி வந்து எனக்கும் ஒன்று வைத்தான். சமாதானமாம். ஆறும் வரை பார்த்திருந்து வாஷ்பேசினில் ஊற்றினேன். அவன் விசா தப்பித்ததை நினைத்தால் எரிகிறது. ஒரு பொய்க்கு ஒரு வாக்குமூலம், கணக்குச் சரியாம். நான் கடை நடுவில் நின்ற அந்த நேரத்துக்கு?

ஏப்ரல் 10, செவ்வாய்

தூசிக் காற்று. கடைக் கண்ணாடி முழுக்க மண். டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது.

நஃபீசா வந்தாள், ஆல்பத்துக்குப் படம் பொறுக்க. உம்மாவும் கூட. இளைத்திருந்தாள். மேக்கப் இல்லாமல் சின்னப் பிள்ளை மாதிரி. கம்ப்யூட்டர் முன்னால் பக்கத்தில் உட்கார வைத்துப் படங்களைத் தள்ளினேன். கருகமணி படம் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது வேணாம் லாத்தா. ரெண்டும் வேணாம்."

"நல்லா வந்திருக்கே."

"மாமி இன்னும் ரெண்டு கருகமணிக்காரின்னுதான் கூப்புடுதாக. விருந்தாளி வந்தா அவுககிட்டயும் சொல்லிச் சிரிக்கிறாக." கண்ணைத் துடைத்தாள். "மிஷின் தப்புன்னு காக்கா சொன்னாக. மிஷின் தானா தப்பு பண்ணுமா லாத்தா? யாரு பண்ணுனா?"

அவள் கை இன்னும் என் கைமேல். மருதாணி பாதி போயிருந்தது. அவள் மாமியாரிடம் போய் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டால் ஜூனில் படம் எடுக்க எந்தக் கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அதைத்தான் முதலில் நினைத்தேன். இரண்டாவதாக எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை, பெயர் தானாக வாயில் வந்தது.

"சேகர்" என்றேன்.

"யாரு அது?"

"அந்தா லேப் வாசல்ல நிக்காருல்ல, அவரு."

உம்மா எழுந்து போனார். கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள். "எம் பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?" சேகர் தலையைக் குனிந்து நின்றான், கையில் ஈரப் பிரிண்ட். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். காக்கா வெளியே போயிருந்தார்.

நான் அடுத்த படத்துக்குப் போனேன். மாமியார் பிரியாணி சாப்பிடுகிறார்.

"இது வேணுமா?" என்று நஃபீசாவிடம் கேட்டேன்.